ஒளி ஒளியைத் தள்ளும் இடம்

திரையில் இன்னொரு கோடு விழுந்தது, குழி அதே இடத்தில்தான் இருக்கிறது, இருக்கட்டும், இன்னும் நேரமிருக்கிறது, இடது ஓரத்திலிருந்து கோடு கோடாக நகர்ந்து வந்து அடியில் ‘ஒன்று’ என்று எழுதியிருக்கும் இடத்தைத் தொடுவதற்குள் ஒரு காப்பி குடித்துவிட்டே வரலாம், ஆனால் இந்தப் புடவையோடு கேண்டீனுக்குப் போனால் யாராவது ஆல் த பெஸ்ட் மேடம் என்பார்கள், அதற்கு நான் சிரித்தாக வேண்டும், சிரித்தால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். இங்கேயே இருக்கிறேன். இந்த நிலவறை ஆய்வுக்கூடத்தில் என்னைத் தவிர யாருமில்லை, எங்கள் சோதனைச் சுற்றைக் குளிர வைக்கும் குளிரூட்டி மட்டும் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டு சளி பிடித்தவர் மாதிரி மூச்சு விடுகிறது, சிக், சிக், சிக், எட்டு வருஷமாக இதே சத்தம், பல நாள் வீட்டில் படுத்திருக்கும்போதும் கேட்கும். இந்தக் கண்டாங்கிச் சேலை விறைத்துக்கொண்டு நிற்கிறது, தோளில் ஊசி குத்துகிறது, அதைக் கழற்றி மாட்டினால் மடிப்புக் கலையும். நேர்முகத்துக்குப் புடவைதான் கட்ட வேண்டுமா என்று காலையில் கண்ணாடி முன்னால் என்னையே கேட்டேன், வேதநாயகம் என்ன, வேட்டி கட்டிக்கொண்டா போகிறான். மூன்றாம் மாடியில், கருத்தரங்கு அறையில், இந்நேரம் அவன் பேசிக்கொண்டிருப்பான். அவனுக்கு அடுத்து நான். இருக்கிற நிரந்தர இடம் ஒன்று, ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்கள் இரண்டு, வேதநாயகமும் உமையாளும், இதை வருஷக்கணக்காக இரண்டு பேருமே வாயால் சொல்லாமல் ஒரே டப்பாவிலிருந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறோம். கிடைக்காதவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் இந்த ஊரில் இந்த வேலை கிடையாது. அவன் அங்கே எங்கள் இருவர் பெயரிலும் வந்த கட்டுரையைக் காட்டிப் பேசுகிறான், அவன் பெயர் முன்னால், என் பெயர் பின்னால், அது நியாயம்தான், யோசனை அவனுடையது. அந்தக் கட்டுரை சரியா தப்பா என்பதைத்தான் நான் இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது அவனுக்குத் தெரியாது.

ஒளியை ஒளி தள்ளாது. பள்ளிக்கூடத்துக் கண்காட்சிகளில் பேசப் போனால் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன், இரண்டு டார்ச்சை எதிரெதிரே அடித்துப் பாருங்கள், ஒன்றை ஒன்று தொடாமல் ஊடே புகுந்து போய்விடும், முட்டாது, நிற்காது, ஒதுங்கக்கூடச் செய்யாது. பிள்ளைகள் ஆமாம் என்பார்கள். ஆனால் அலுமினியத்தில் ஒரு சின்னச் சுற்று வரைந்து, நடுவில் ஓரிடத்தில் இரண்டு படலத்துக்கு இடையே துரு மாதிரி ஒரு மெல்லிய அடுக்கு வைத்து, அதை விண்வெளியைவிடக் குளிராக ஆக்கினால், அங்கே ஒளி ஒளியை உணரும். கண்ணுக்குத் தெரியும் ஒளி இல்லை, மைக்ரோவேவ், ஆனாலும் ஒளிதான். ஒரே ஒரு ஃபோட்டான், ஒளியின் ஒற்றைத் துகள், உள்ளே போனதும் அந்தச் சுற்றின் சுருதியே மாறிவிடும், அடுத்து வருகிற ஃபோட்டான் பழைய சுருதியில் வந்து நின்று, இது நம் இடமில்லை என்று திரும்பிவிடும். ஒருத்தர் உள்ளே போய்த் தாழ் போட்ட குளியலறை என்று வேதநாயகம் சொல்வான், பிள்ளைகள் சிரிப்பார்கள். மற்றவர்கள் இதைச் சின்ன அளவில் செய்து காட்டியிருந்தார்கள், எங்கள் சுற்றில் அந்தத் தள்ளல் யாரும் எதிர்பார்க்காத அளவு பலமாக இருந்தது, ஒற்றை ஃபோட்டானுக்கே, திரையில் அந்தச் சுருதியைக் காட்டும் குழி இடம் மாறி நின்றது, அந்தப் படத்தைத்தான் கட்டுரையில் முதல் பக்கத்தில் போட்டோம். அன்றைக்கு அவன் மனைவி எஸ்தர் முதலூர் மஸ்கோத் அல்வா கொடுத்தனுப்பினாள், கை கழுவாமல் விசைப்பலகையைத் தொட்டு ஒட்டிக்கொண்டது, இன்னும் அந்த எஃப் எழுத்து சரியாக அமுங்காது. நான் சந்தோஷப்பட்டேனா. பட்டேன். பட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ரசம் வைக்கும்போது, இது அவனுக்குப் போதும், எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன், புளி கரைக்கிற கையை அப்படியே வைத்துக்கொண்டு நினைத்தேன், அது ஒன்றும் பெரிய பாவமில்லை, எல்லோரும் நினைப்பதுதான்.

இன்னொரு கோடு. குழி அசையவில்லை. அசையக் கூடாது, ஒரு ஃபோட்டானைக் குறிக்கும் அந்த ஒன்றுக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறது. காலையில் இங்கே இறங்கி வந்தபோது எதையும் சோதிக்கிற எண்ணமே எனக்கு இல்லை, என் முறை வரும்வரை எங்கேயாவது உட்கார வேண்டும், அவ்வளவுதான், கை சும்மா இருக்கவில்லை, திசுத்தாளை எடுத்துக் கருவி அடுக்கின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அட்டனுவேட்டர் ஒன்றின் மேல் சந்தனம் காய்ந்து கிடந்தது. விரற்கணு அளவு பித்தளைத் துண்டு, உள்ளே போகிற ஒளியைத் தணித்து அனுப்புவதுதான் அதன் வேலை, பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், மேலே பொறித்திருக்கும் எண்தான் வித்தியாசம். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன், பத்து என்றிருந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் எங்கள் வரைபடத்தில் அந்த இடத்தில் இருபது. கட்டுரையிலும் இருபது. டெசிபெல் கணக்கில் இருபதுக்குப் பதில் பத்து இருந்தால் பத்து மடங்கு ஒளி உள்ளே போயிருக்கும், ஒரு ஃபோட்டான் என்று நாங்கள் எண்ணியது உண்மையில் பத்து. பத்துப் பேர் சேர்ந்து தள்ளிய கதவை ஒருத்தன் தள்ளினான் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆயுத பூஜை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் பூஜையறைக்கென்றே தனிச் சாவி உண்டு, எனக்கு அதில் எல்லாம் ஆர்வம் கிடையாது, பாளையங்கோட்டை உபதேசியார் மகன் வேதநாயகத்துக்குத்தான் இந்த ஆய்வுக்கூடத்தில் ஆயுத பூஜை என்றால் கொண்டாட்டம். எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா ஜெபக்கூட்டத்துல எம்பேரைச் சொல்லி அழுவாரு என்று சொல்லிக்கொண்டே ஸ்பானருக்குச் சந்தனம், சாலிடரிங் அயர்னுக்குச் சந்தனம், பொரியை வாயில் போட்டுக்கொண்டு, ஏ உமையா, பெரிய மெஷினுக்கெல்லாம் மாலை போடுதோம், நிசமா உழைக்குது இதுகதானே என்று அட்டனுவேட்டர்களைக் கழற்றித் தட்டில் அடுக்கினான், குங்குமமும் வைத்தான். மறுநாள் அவனேதான் திரும்ப மாட்டினான். எண்ணை மறைத்துக்கொண்டு சந்தனம். அந்தப் பெரிய படம் எடுத்தது பூஜைக்கு அப்புறம். உலகத்தில் வேறெந்த ஆய்வுக்கூடத்திலும் நடக்க முடியாத தப்பு, எழுதினால்கூட நம்ப மாட்டார்கள். இழுப்பறையிலிருந்து இருபதை எடுத்துப் பத்து இருந்த இடத்தில் மாட்டினேன், முறுக்கினேன், பழைய நிரலையே மறுபடி ஓடவிட்டேன். ஒன்று என்ற இடத்தில் குழி தள்ளினால் கட்டுரை தப்பித்தது. தள்ளாமல் பத்து என்ற இடத்தில் தள்ளினால் போயிற்று.

அவனுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அப்போது அவன் உள்ளே போகவில்லை, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான், நானே பார்த்துவிட்டுத்தான் கீழே வந்தேன். செய்யவில்லை. நேர்முகத்துக்கு முன்னால் அவன் மனதைக் கலைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன், நல்ல காரணம், யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள். கேட்டால் அவனிடம் ஏதாவது பதில் இருந்துவிடுமோ என்பது இன்னொரு காரணம். அது இப்போது வருகிறது, ஊசி குத்துகிற தோளைச் சரி செய்யும்போது, தானாக வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும். அலுவலகத்து லோகநாயகி அம்மா போன வாரம் டீ வாங்கித் தந்துவிட்டுச் சொன்னார், மேடம், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது, அவருக்குக் குடும்பம் இருக்கு, நீங்க ஒண்டி ஆளு, எங்க போனாலும் பொழைச்சுக்குவீங்க. எங்கே போவேன் என்று கேட்கவில்லை. ஒண்டி ஆள் என்றால் பசிக்காது போலிருக்கிறது. டீ நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள், நான் நன்றி சொன்னேன். காரைக்குடியிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் பெர்மனென்ட் ஆயிருச்சா என்றுதான் ஆரம்பிப்பாள், கல்யாணம் ஆயிருச்சா என்று மற்றவர்கள் கேட்கிற அதே குரலில், அது ஆகாது என்று தெரிந்ததும் இதற்கு மாறிக்கொண்டாள். வேதநாயகத்துக்குக் கிடைத்துவிட்டால் அவன் என்னைப் பார்க்க வருவான், வருத்தப்படுவான், நிஜமாகவே வருத்தப்படுவான், அதுதான் தாங்காது. நான் எதற்கு இந்தக் கதவு இந்தக் குளிர் இந்தச் சத்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்னொரு ஊரில் யாருக்கோ இயற்பியல் டியூஷன் எடுக்க வேண்டும். இந்தக் குளிரூட்டி வந்து இறங்கிய அன்றைக்கு லாரியிலிருந்து பெட்டியைச் சாய்த்துவிட்டார்கள், நானும் அவனும் முதுகைக் கொடுத்து நிறுத்தினோம், அவன் முதுகு வலி இன்னும் போகவில்லை, எனக்கு அன்றைக்கே போய்விட்டது. எதை வைத்து யாருக்கு என்று சொல்வது. கோடு நெருங்கிவிட்டது. இன்னும் நாலைந்துதான்.

பார்க்காமல் இருக்கலாம் என்று சுவரைப் பார்த்தேன், சுவரில் அந்த வரைபடம், இருபது. திரும்பிப் பார்த்தேன். ஒன்றைத் தாண்டி ஒரு கோடு விழுந்திருந்தது. குழி அசையவில்லை. அடுத்த கோடு, அசையவில்லை. அதற்கடுத்ததும். பழைய படத்தில் இந்த இடத்தில் குழி படியிறங்குகிற மாதிரி கீழ்ப்பக்கம் சட்டென்று விலகும், இங்கே ரோடு போட்டதுபோல நேராகப் போகிறது. போயிற்று. அவன் கட்டுரை போயிற்று, என் கட்டுரையும்தான், ஆனால் என் பேச்சில் அது இல்லை, நான் பேசப்போவது மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் பெருக்கியைப் பற்றி, அதில் புரட்சி ஒன்றுமில்லை, தப்பும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிற்றில் சூடாக, காலையில் சாப்பிடாத வயிற்றில், சூடாக ஏதோ இறங்கினதுபோல இருந்தது. உடனே அதன்மேல் வருத்தத்தை எடுத்துப் போட்டு மூடினேன், பாவம் வேதா, பாவம் எஸ்தர், அவர்கள் மகள், அந்தச் சின்னப் பெண் ஜெருஷா, வருத்தமும் பொய்யில்லை, இரண்டும் இருந்தன, ஒன்றை ஒன்று தொடாமல், எந்தச் சிரமமும் இல்லாமல் ஒரே ஆளுக்குள். உள்ளங்கை வேர்த்திருந்தது. புடவையில் துடைத்தேன்.

அப்போதுதான் போன் வந்தது, வேதா என்று திரையில் அவன் பெயர். எடுத்ததும் படிக்கட்டின் எதிரொலி கேட்டது. “உமையா, எங்க இருக்க?” என்றான். “கீழ லேப்லதான். முடிஞ்சுதா?” என்றேன். “எங்கே முடிய. தலைவருக்கு டெல்லியில இருந்து போன் வந்துட்டு, என்னைய வெளிய நிக்கச் சொல்லிருக்காங்க. நல்லாத்தான் போச்சு. ஒரு வெளியூர்க்காரர் மட்டும் விடவே மாட்டேங்காரு. உள்ள ஒரு ஃபோட்டான்தான் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்லுதீங்கன்னு கேக்காரு. லைன்ல எவ்வளவு தணியுதுன்னு தெரியும்லா, அதை வச்சுன்னேன். அதைத் திரும்பப் பாத்தீங்களாங்காரு. நீ சொல்லு, லைன்ல ஒரு மாத்தமும் இல்லைல்லா?” நான் திரையைப் பார்த்தேன். “ஓடிக்கிட்டிருக்கு” என்றேன். “என்னது ஓடுது?” என்றான். “காலைல பார்த்தேன் வேதா. இருபது இருக்க வேண்டிய எடத்துல பத்து இருக்கு. சந்தனம் ஒட்டியிருந்துச்சு. பூஜைக்குக் கழட்டினப்ப மாறியிருக்கு.” மறுபக்கம் யாரோ படியேறிப் போகும் சத்தம், அவன் மூச்சு. “நாந்தான் மாட்டினேன்” என்றான். “ஆமா.” “இருபது போட்டு ஓட்டிட்டியா?” “ஓட்டிட்டேன். ஒண்ணுல தள்ளலை.” திட்டுவான் என்று நினைத்தேன், இதை இன்றைக்குத்தான் பார்த்தாயா என்று கேட்பான் என்று நினைத்தேன், அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். “நல்லாப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டான். “பார்த்தேன்.” “நீ பாத்தா சரியா இருக்கும்” என்றான். “கூப்பிடுதாங்க. நான் அப்படியே சொல்லிடுதேன்.” முழுசா முடியட்டும் வேதா, ஒரு கால் மணி நேரம் பொறு என்று சொல்ல வாய் வரை வந்தது, சொன்னால் சொல்லியிருக்கலாம், அதற்கு ஒரு நொடி இருந்தது. போன் அணைந்துவிட்டது.

நீ பார்த்தால் சரியாக இருக்கும். இதை ஏன் சொன்னான். திட்டியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன, நான் என்ன நினைத்தாலும் அவை விழும், அதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்தது. உண்மையைத்தானே சொன்னேன் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருந்தது, இன்னொரு தடவை சொன்னேன், அவ்வளவு நன்றாக இல்லை. உண்மை என்றால் எதற்கு அதை இத்தனை தடவை சொல்ல வேண்டும். யாராவது கேட்டார்களா. கேட்பார்கள், நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள், அவன் உள்ளே இருக்கும்போது நீ கீழே உட்கார்ந்து அவன் கட்டுரையைப் பிரித்துப் போட்டாயா என்று, லோகநாயகி அம்மா டீ தரமாட்டார், தராவிட்டால் போகிறார், உண்மை உண்மைதானே, இதோ மறுபடியும். பத்து என்ற இடம் வந்தது. குழி விலகியது. நான் எதிர்பார்த்த இடத்தில், ஒரே கோட்டில், படியிறங்குவதுபோல கீழே போய் நின்றது, பழைய படத்தைவிடச் சுத்தமாக, விளிம்பு பிசிறில்லாமல். அழகாக இருந்தது. தப்பான முடிவுகூட இவ்வளவு அழகாக இருக்குமா என்று நினைத்தேன். பத்து ஃபோட்டான் வந்தால் இப்படி ஒரே படியில் விலகாதே, கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுமே என்று ஒரு நினைப்பு வந்து தட்டியது, தட்டிவிட்டு நின்றது, நான் கதவைத் திறக்கவில்லை. கோப்பைச் சேமித்தேன். ஓட்டம் முடிந்தால் ஒளி அனுப்பும் கருவியை அணைத்துவிட வேண்டும், அது பழக்கம், கை தானாகப் போகும், போனது, பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்தேன். மூலையில் சின்ன எழுத்தில் ஆஃப்செட் என்றும், பக்கத்தில் கழித்தல் பத்து என்றும் இருந்தது, முகப்பில் காட்டும் அளவை மாற்றாமலே வெளியே போகும் ஒளியைப் பத்தில் ஒன்றாக்கிவிடும் அமைப்பு. காலையிலிருந்து என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அதை வைத்தது வேறு யார், அவன்தான், பூஜைக்கு அப்புறம் ஓட்டத்தின் நடுவிலேயே பத்து மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறான், ஓடுகிற லைனில் கையை வைக்க மாட்டான், கையை வைத்தால் எல்லாம் கலைந்துவிடும், அதனால் குழாயில் தடுப்புக் குறைந்துபோனால் தொட்டியிலேயே திருகைத் திருப்பித் தண்ணீரைக் குறைப்பதுபோல, ஒளி புறப்படும் இடத்திலேயே பத்தைக் குறைத்துவிட்டான். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது. அவன் ஒன்று என்று சொன்னது ஒன்றேதான். நான் தடுப்பைத் திரும்ப மாட்டினேன், திருகைப் பார்க்கவில்லை, பத்தில் ஒரு பங்கு தண்ணீரை விட்டுவிட்டு வரவில்லையே வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். பத்து என்ற இடத்தில்தான் நிஜமான ஒன்று இருந்தது. அந்த ஒற்றை ஃபோட்டான் தள்ளியதை இப்போது என் கண் முன்னால் பார்த்தேன், எட்டு வருஷமாகப் பார்க்க நினைத்தது, அதைத் தப்பு என்று பெயர் வைத்துச் சேமித்துவிட்டேன். வேறு யாருடைய முடிவாவது இப்படிப் பொய்யாகிப் போயிருந்தால், என் முடிவு பொய்யாகிப் போயிருந்தால், ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்திருப்பேன், பார்ப்பதுதான் என் பிழைப்பே, பிடித்ததைத் திரை காட்டியதால் மறுபடி பார்க்கவில்லை.

போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தான். லிஃப்ட் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது, படியில் ஏறினேன், புடவை காலைத் தடுக்கியது, தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன், இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பையன் ஆல் த பெஸ்ட் மேடம் என்றான், நான் தேங்க்ஸ் என்றேன், என்ன ஒரு வாய் எனக்கு. ஏறும்போதே இன்னொன்றும் கூடவே ஏறியது, இதை யாருக்கும் தெரியாமல் விட்டுவிடலாம், நாளைக்குச் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம், திருத்தம் போடலாம், இரண்டு பேர் பெயரிலும் அழகாகத் திருத்தம் போட்டுக் கட்டுரையைக் காப்பாற்றலாம், அதற்குள் இடம் முடிவாகியிருக்கும், யாரும் பொய் சொன்னதாக இருக்காது. என்ன சுலபமாக வருகிறது. மேலே போனபோது அவன் வெளியே வந்துவிட்டிருந்தான், கருத்தரங்கு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், காலர் பட்டன் திறந்திருந்தது. “சொல்லிட்டேன்” என்றான், சிரித்தான். “கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கிடுதோம்னு சொல்லிட்டேன். அந்த வெளியூர்க்காரர் எந்திரிச்சுக் கை குடுத்தாரு. நேர்மையா இருக்கீங்கன்னாரு. போச்சுன்னா போச்சு, விடு. என்னமோ லேசாத்தான் இருக்கு.” “வேதா, சோர்ஸ்ல பத்து குறைச்சு வச்சியா?” என்றேன். அவன் புரியாமல் பார்த்தான், அப்புறம் புரிந்தது, அது அவன் முகத்தில் வருவதைப் பார்த்தேன், பாட்டிலை மூட மறந்து கையில் பிடித்திருந்தான். “வச்சேன்” என்றான். “ஓடுதப்பமே பாத்துட்டேன்லா. வச்சேன். உங்கிட்ட சொன்னதா நினைச்சுக்கிட்டே இருந்திருக்கேன். போன்ல நீ சொல்லும்போது அது ஞாபகத்துக்கே வரலை, இப்ப நீ கேட்டதும் அப்படியே...” அவன் முடிக்கவில்லை. “அப்ப ஒண்ணுதானா?” “ஒண்ணுதான். பத்துல தள்ளுச்சு. பார்த்தேன். அவ்வளவு சுத்தமா.” “சுத்தமா இருந்துச்சா?” என்று கேட்டான், அதைத்தான் முதலில் கேட்டான், நான் தலையாட்டினேன், கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கக் கைக்குட்டை கீழே ஆய்வுக்கூடத்தில் கிடந்தது. லோகநாயகி அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “உமையாள் மேடம், அடுத்து நீங்கதான். வாங்க, காத்துக்கிட்டிருக்காங்க.” அவன் எழுந்து எனக்கு வழிவிட்டான். “நீ போ. உன் பேச்சைப் பேசு. இதை இப்ப போய்ச் சொன்னா ரெண்டு பேத்தையும் கிறுக்கும்பாங்க. அப்புறம் பாத்துக்கிடலாம்” என்றான். கோபம் இல்லாமல்தான் சொன்னான், அல்லது கோபம் இருந்து எனக்குத் தெரியாத இடத்தில் வைத்திருந்தான்.

உள்ளே ஏசி அதிகம். ஐந்து பேர், ஐந்து தண்ணீர் டம்ளர், முந்திரி பிஸ்கட் தட்டில் ஒன்று மட்டும் மிச்சம். என் முதல் படம் ஏற்கனவே சுவரில் விழுந்திருந்தது, என் பெயர், பெருக்கியின் பெயர், கீழே நிலையத்தின் சின்னம். பதினைந்து நிமிஷம், ஆரம்பிக்கலாம் என்றார் தலைவர். அந்த வெளியூர்க்காரர் யார் என்று தெரிந்தது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பவர், எனக்கும் சிரித்தார். பெருக்கியைப் பற்றிய முதல் வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது, நூறு தடவை சொல்லிப் பார்த்தது, சொன்னால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும், பதினைந்து நிமிஷத்தில் முடியும், கேள்வி கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். பயமாக இருந்தது. ரிமோட்டை மேஜைமேல் வைத்தேன். “என் பேச்சுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன், குரல் பரவாயில்லாமல்தான் வந்தது. “இப்ப வந்துட்டுப் போன வேதநாயகத்தோட கட்டுரை சரி. தப்பு, நான் இன்னைக்குக் காலைல செஞ்ச சோதனை. எங்க தப்பு பண்ணினேன்னு போர்டுல வரைஞ்சு காட்டறேன். ஏன் அதைப் பார்க்காம விட்டேன்னும் சொல்றேன், இந்த வேலை எனக்குக் கிடைக்கணும்னு இருந்தது.” தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பலகைப் பக்கம் கையைக் காட்டினார், நான் மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றினேன்.